கொடுத்த பொருளும் எடுத்த படமும்

புதிதாகக் காமிரா வாங்கியவன் முதல் மாதத்தில் தன் மனைவி மக்களையும், வீட்டு வாசலையும், ஊர்க் கோபுரத்தையும், குளக்கரை அரசமரத்தையும், அஸ்தமன சூரியனையும் ஒன்று விடாமல் எடுத்துத் தீர்த்துவிட்டு, இரண்டாவது மாதத்தில் எதை எடுப்பது என்று தெரியாமல் காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறான் என்பது தேசந்தோறும் நடந்துவரும் சங்கதி. உலகம் முழுவதும் கண்ணெதிரே விரிந்து கிடக்க, எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவன் சொல்வது வேடிக்கையாகத் தோன்றினாலும், அவனளவில் அது உண்மைதான். இந்த நோய்க்கு இப்போது பரவலாக வழங்கிவரும் சிகிச்சை, வாரத்துக்கு ஒரு பொருளை யாராவது கொடுப்பது: இந்த வாரம் 'நிழல்', வரும் வாரம் 'கைகள்', அதற்கடுத்த வாரம் 'சிவப்பு' என்று. ஏழு நாளைக்குள் அந்தப் பொருளில் ஒரு படம் எடுத்துப் பத்துப் பேர் பார்வைக்கு வைக்கவேண்டும். கைபேசிக் காலத்துப் புதுமை என்று பலர் நினைக்கும் இந்த வழக்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பூர்வ சரித்திரம் உண்டு.

நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமன்று. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வதும், ஒன்றோடொன்று ஒட்டாத நாலு சொற்களைக் கொடுத்து அவற்றைச் செய்யுளில் அமைக்கச் சொல்வதும் தமிழ்ப் புலவர் சபைகளில் நெடுங்காலம் நடந்தவை. காளமேகப் புலவரைப் பற்றி வழங்கும் கதைகளில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் வம்புக்கென்று ஒரு பொருளைக் கொடுக்க அவர் சளைக்காமல் பாடிய கதைகளே. அப்படிப் பிறந்த பாட்டெல்லாம் உயர்ந்த கவிதை என்று ரஸிகர்கள் சொல்லமாட்டார்கள். ஆயினும், எதுகைக்குத் தவிக்கிற புலவன், சும்மா இருந்தால் தன் மனத்தில் உதித்தேயிராத ஒரு சொல்லைத் தேடி எடுக்கிறான் என்பதை மறுப்பதற்கில்லை. கொடுத்த பொருளுக்காகத் தன் தெருவிலேயே அலைகிற புகைப்படக்காரனுக்கும் அதேதான் நேருகிறது.

ஆதிகாலத்துப் புகைப்படக்காரர்களுக்கு இந்த உபாயம் தேவைப்படவில்லை. 1839-ல் பாரிஸில் டாகேரின் முறை வெளியாகி, 1841-ல் டால்பட் என்ற ஆங்கிலக் கனவான் தம்முடைய காகித நெகடிவ் முறைக்குக் காப்புரிமை பெற்ற சில காலத்துக்குள், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் சில வக்கீல்களும் அவர்களுடைய சிநேகிதர்களும் கூடிப் படம் எடுத்துப் பழக ஒரு சிறு சங்கம் வைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் ஏதாவது உருவம் விழுந்தாலே அவர்களுக்குப் பரமானந்தம். இன்ன உருவம் விழவேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் அவர்களுக்குத் தோன்றவேயில்லை. 1851-ல் ஆர்ச்சர் என்பவர் கண்டுபிடித்த ஈரத் தகட்டு முறை படத்தின் தெளிவைக் கூட்டியது. கூடவே பாட்டையும் கூட்டியது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, சொட்டச் சொட்டக் காமிராவில் செருகி, படத்தை எடுத்து, ஈரம் காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் நுழைந்து கழுவியும் முடிக்கவேண்டும். கண்ணாடியும் திராவகமும் கூடாரமும் கூலியாளுமாக மலைமேல் ஏறி நிற்கும் ஒரு மனிதனிடம் போய், இந்த வாரம் நீர் நிழலைத்தான் எடுக்கவேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்த மனிதன் தன் கையிலிருந்த தகட்டாலேயே அவரை அடித்திருப்பான்.

அக்காலத்தவர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேறொரு வழியைக் கண்டார்கள். லண்டனில் 1855-ல் ஏற்பட்ட ஒரு பரிவர்த்தனைச் சங்கத்தில், ஒவ்வோர் அங்கத்தினரும் தம் படத்தின் பிரதிகளை மற்ற அங்கத்தினர் அனைவருக்கும் அனுப்பவேண்டும். அவை ஆல்பமாகக் கட்டப்படும்போது, எந்த முறையில் எப்படி எடுத்தது என்ற விவரமும் கூடவே அச்சிடப்படும். தொழில் ரகசியத்தை உயிரோடு விடாத அந்த நூற்றாண்டில், பொழுதுபோக்குக்காகப் படம் எடுத்தவர்கள் தங்கள் ரகசியத்தை இப்படித் தாராளமாகப் பங்கிட்டுக்கொண்டது சாமான்யமான காரியமல்ல.

அதே பத்தாண்டில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று ராஜதானி நகரங்களிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் அதற்கு முன்னின்றவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். 1850-ல் சித்திரப் பள்ளியை இங்கே தொடங்கியவரும் அவரே. சென்னைப் பட்டாளத்தில் கேப்டனாக இருந்த லினேயஸ் ட்ரைப் என்பவர், ஹளேபீடு, பேலூர்க் கோயில்களில் 1854-ன் கடைசியில் எடுத்த படங்கள், மறு வருஷம் சென்னையில் நடந்த கண்காட்சியில் பரிசு பெற்றன. தன் இஷ்டத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்குச் சர்க்காரே பிறகு பொருள் கொடுத்தது: சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் என்ற பதவியும், பழைய கோயில்களையும் கட்டடங்களையும் சித்திரம்போலப் பதிவு செய்யவேண்டும் என்ற உத்தரவும். 1857 முடிந்து 1858 பிறக்கும் தறுவாயில் அவர் மாட்டுவண்டிகளில் காமிராவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். இந்த வெயிலில் கொலோடியன் நிமிஷத்தில் காய்ந்துபோகும் என்பதால் பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகடிவையே நம்பினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரதிகளை ஒட்டவைத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினாரே, அந்தப் பொறுமையை என்னென்பது! கோபுரத்தையும் பிராகாரத்தையும் எடுத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். கல்லில் பொறித்த எழுத்தை வரிவரியாகப் பின்தொடரச் செய்தது அவருக்கு இடப்பட்ட பணி. 1859-ல் கவர்னர் ட்ரெவெல்யன் செலவு தாங்காது என்று அந்த இலாகாவை மூடினார். ட்ரைப் பட்டாளத்துக்குத் திரும்பினார். அதன் பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சில. பொருள் கொடுத்தவர் போனதும் காமிராவும் ஓய்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

வாரப் போட்டி என்பது பிறப்பதற்கு இரண்டு சௌகரியங்கள் வரவேண்டியிருந்தன. ஒன்று, உலர்ந்த தகடு. மடாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1871-ல் ஜெலாட்டின் பூச்சைப் பரீட்சித்து வெளியிட்ட முறை, மேலும் பலர் கையால் திருந்தி, அடுத்த பத்தாண்டின் தொடக்கத்துக்குள் பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கும் சரக்காகிவிட்டது. தகட்டை இன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை எடுத்து, புதன்கிழமை ராத்திரி கழுவலாம் என்ற நிலை வந்ததும், உத்தியோகஸ்தர்களும் பாதிரிமார்களும் கல்லூரி மாணவர்களும் ஆயிரக்கணக்கில் காமிராவைத் தூக்கினார்கள். கஷ்டம் போயிற்று, கஷ்டம் போன இடத்தில், எதை எடுப்பது என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. இரண்டாவது சௌகரியம் பத்திரிகை. 1884 அக்டோபரில் லண்டனில் 'அமெச்சூர் போட்டோகிராபர்' என்ற வாரப் பத்திரிகை ஆரம்பமாயிற்று. அது இன்றளவும் நடந்துவருகிறது. வாசகர்களுக்குப் பொருள் கொடுத்துப் படம் வரவழைத்துப் பரிசளிப்பது அதன் வழக்கங்களில் ஒன்று. வாரம் என்ற கெடுவே அச்சகத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும்; வெள்ளிக்கிழமை பத்திரிகை வெளிவந்தாகவேண்டுமென்றால், படத்துக்கும் ஒரு கிழமை குறித்துத்தானே ஆகவேண்டும்?

அந்தப் பத்திரிகை 1887-ல் வைத்த போட்டியின் பொருள், விடுமுறையில் எடுத்த படங்கள். அதில் முதல் பரிசாக வெள்ளிப் பதக்கமும் இரண்டு கினியும் பெற்றவர், அமெரிக்காவில் பிறந்து பெர்லினில் படித்துக்கொண்டிருந்த ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற 23 வயது இளைஞர். படம் இத்தாலியில் கோமோ ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் எடுத்தது: ஒரு நீரூற்றருகே கூடிய குழந்தைகளும் ஓர் இளம்பெண்ணும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இயந்திர சாஸ்திரம் கற்கப் போன பையன் இந்த வித்தையில் விழுந்தது ஃபோகல் என்ற ரசாயனப் பேராசிரியரால். அந்த ஃபோகலும் பொருள் கொடுப்பதில் கெட்டிக்காரர். வெள்ளை வெளேரென்ற அப்பல்லோ சாந்துச் சிலை ஒன்றைக் கறுப்பு வெல்வெட்டோடு சேர்த்து வைத்து, வெள்ளையின் நுட்பமும் கறுப்பின் நுட்பமும் ஒரே படத்தில் தெரிய எடுத்து வா என்று மாணவர்களுக்குச் சொல்லியிருந்தார். வெள்ளைக்கு அளவான வெளிச்சம் கொடுத்தால் வெல்வெட் குருட்டிருட்டாகும். வெல்வெட்டின் மடிப்பைக் காட்டப் போனால் சிலையின் மூக்கும் கன்னமும் கரைந்துபோகும். மற்றவர்கள் ஏதோ சுமாராக எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக, ஸ்டீக்லிட்ஸ் வாரக்கணக்கில் அந்தச் சிலையையே கட்டிக்கொண்டு அழுதார். கடைசியில் ஆசிரியரே அழைத்து, பூரணமாக எடுப்பது ஒருவராலும் ஆகாதென்று சொல்லி நிறுத்தவேண்டியதாயிற்று. இத்தாலியக் கிராமத்தின் முற்றத்து வெயிலில், சிரிப்பு கலைவதற்குள் நிதானம் தப்பாமல் அவர் கை வேலை செய்ததற்கும் பெர்லின் வெல்வெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத் துணியமாட்டேன்.

போட்டிக்கு நடுவராக இருந்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். வைத்தியம் படித்துவிட்டு அதைத் துறந்து, நார்போக் சதுப்பு நிலத்துப் படகுக்காரர்களையும் நாணல் அறுப்பவர்களையும் படமெடுத்துவந்த அவர், வந்து குவிந்த படங்களுள் இயல்பாக எழுந்தது இது ஒன்றே என்று அந்த இளைஞருக்குக் கடிதம் எழுதிப் பாராட்டினார். பதக்கம் எங்கே போயிற்றோ, கடிதம்தான் ஸ்டீக்லிட்ஸின் வாழ்க்கையைத் திருப்பியது என்பது என் அபிப்பிராயம். எமர்சன் சுலபமான மனிதரல்லர். இயற்கையை ஒட்டிய புகைப்படமே கலை என்று 1889-ல் ஒரு புத்தகம் எழுதிச் சண்டைகளைக் கிளப்பிவிட்டு, சொற்ப காலத்துக்குள், நான் சொன்னது தப்பு, புகைப்படம் கலையே அல்ல என்று இழவுச் செய்திபோலக் கறுப்புக் கரையிட்ட ஒரு பிரசுரத்தை வெளியிட்டவர். நடுவர்களை நம்பிக் கலை பயில்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பத்திரிகையில் பரிசு பெறுவது சிலருக்குத்தான் வாய்க்கும். மற்றவர்களுக்கு உபகாரமாக இருந்தவை சங்கங்களும், தபால் மூலம் சுற்றிவரும் படக்கட்டுகளும். இந்தத் தபால் ஏற்பாடு மிகவும் ரஸமானது. இருபது பேர் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு படத்தைக் கட்டில் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் போகும். கட்டு வந்து சேர்ந்தவர் மற்றவர்களுடைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அபிப்பிராயத்தைத் தம் கையெழுத்தில் எழுதி, குறித்த நாளுக்குள் மறுபடி தபாலில் சேர்க்கவேண்டும். ஒரு சுற்று முடிந்து கட்டு திரும்பி வரும்போது, பழைய படத்தை எடுத்துக்கொண்டு புதியதை வைப்பார். அதற்குள் அவருடைய படத்தின் கீழே பத்தொன்பது பேருடைய தீர்ப்புக் காத்திருக்கும். தொடுவானம் கோணலாக இருக்கிறது, முன்புறத்தில் கிடக்கும் வாளியை அப்புறப்படுத்தியிருக்கலாம், பிரிண்ட் ஒரு மாற்றுக் கறுத்துவிட்டது, வானம் மொட்டையாக இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து சொல்லத் தயங்குகிற வார்த்தையை மனிதன் தபாலில் தாராளமாக எழுதுகிறான். படித்தவருக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருக்கலாம். அடுத்த படத்தில் வாளி இராது.

வானம் மொட்டை என்ற அந்தப் புகாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அக்காலத்துத் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றுக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகையால் நீல வானமும் வெண்மேகமும் ஒன்றாக வெளுத்து, பிரிண்டில் வெறும் காகிதமே மிஞ்சும். பிரான்ஸ் தேசத்து லெ க்ரே 1850-களிலேயே கடலுக்கு ஒரு நெகடிவும் வானுக்கு ஒரு நெகடிவுமாக எடுத்து இரண்டையும் ஒரே தாளில் இணைத்துப் பெயர் வாங்கியிருந்தார். அந்த மார்க்கத்தைப் பிடித்துக்கொண்ட பிற்காலத்தவர்கள், நல்ல மேகம் விழுந்த நெகடிவ் ஒன்றைப் பத்திரப்படுத்தி, வேண்டிய படத்துக்கெல்லாம் அதையே வைத்து அச்சிட்டார்கள். கடலுக்கும் கோதுமை வயலுக்கும் மாதாகோயிலுக்கும் மேலே ஒரே மேகம் சலிக்காமல் தவழ்ந்தது. நடுவர்களுக்கும் அந்த மேகங்கள் பரிச்சயமாகிவிட்டன.

1888-ல் கோடக் வந்தது. நூறு படத்துக்கான சுருளோடு காமிராவை விற்று, எடுத்து முடித்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் கழுவிப் பிரிண்ட் போட்டுத் திருப்பித் தருகிற ஏற்பாடு. 1900-ல் ஒரு டாலர் பிரௌனி வந்தபோது பள்ளிப் பிள்ளைகளும் படமெடுக்கத் தொடங்கினார்கள். சங்கத்துப் பெரியவர்கள் இந்தப் பட்டாளத்தைக் கண்டு முகம் சுளித்ததும், கம்பெனிக்காரர்கள் போட்டிகளை விளம்பரத்துக்கு உபயோகித்ததும் நீளமான கதை. அதில் கற்றுக்கொண்டவர்களைவிட வாங்கினவர்களே அதிகம் என்பதால் விட்டுவிடலாம். பின்னாளில் நியூயார்க்கில் 1936 முதல் 1951 வரை நடந்த 'போட்டோ லீக்' என்ற சங்கம் குறிப்பிடத்தக்கது. அங்கத்தினர்கள் குழுக்களாகப் பிரிந்து, ஹார்லெம் பேட்டையையோ ஒரு குடிக்கூலி வீட்டையோ பொருளாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலசுவார்கள். சில நாட்களில் வேடிக்கையான விஷயப் பட்டியலைக் கொடுத்து, சில மணி நேரத்துக்குள் அத்தனையையும் எடுத்துவரச் சொல்லும் பட வேட்டையும் நடத்துவார்கள். யுத்தத்துக்குப் பிறகு கம்யூனிஸ்ட் பீதியில் சர்க்கார் அச்சங்கத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க, அது நசித்துப்போயிற்று.

ஆனால் கொடுத்த பொருளின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிந்தது ஜப்பானில். யுத்தத்தில் சர்வநாசமடைந்த அந்த தேசத்தில், ஐந்தாறு வருஷத்துக்குள் காமிராத் தொழிற்சாலைகள் தலையெடுத்து, சொற்பச் சம்பளக்காரன்கூட எப்படியாவது காமிரா ஒன்றைச் சம்பாதித்துக்கொள்ளும் மோகம் பரவியது. 1950-ல் 'காமிரா' என்ற மாதப் பத்திரிகை, வாசகர் போட்டிக்கு நடுவராக டோமோன் கென் என்பவரை அமர்த்தியது. அவர் கொடுத்தது ஒரு பொருள்கூட இல்லை; ஒரு நியதி. படத்துக்காக யாரையும் நிற்கவைக்காதே, எதையும் ஜோடிக்காதே, கண்ணெதிரே உள்ள சமூகத்தை உள்ளபடி எடு. வந்த படங்களை அவர் தேர்ந்தெடுத்ததோடு நில்லாமல், ஒவ்வொன்றிலும் என்ன குறை, எடுத்தவன் எங்கே தயங்கினான், எங்கே பொய் சொன்னான் என்று விஸ்தாரமாக எழுதினார். ஊர் ஊராக வாலிபர்கள் அந்தப் பக்கங்களைப் பாடப்புத்தகம்போலப் படித்தார்கள். பிற்பாடு நாகஸாகியின் அணுகுண்டுத் தழும்புகளை எடுத்துப் புகழ்பெற்ற ஷோமேய் டோமாட்சுவும், கிகுஜி கவாடாவும் மாணவப் பருவத்தில் அந்தப் போட்டிக்குப் படம் அனுப்பினவர்களே.

வந்த வினை வேறு விதமானது. உள்ளபடி எடு என்று குரு சொல்ல, சிஷ்யகோடிகள் பிச்சைக்காரர்களையும், ஊனமுற்ற சிப்பாய்களையும், தெருப் பிள்ளைகளையும் துரத்தித் துரத்தி எடுத்தார்கள். மாதாமாதம் பத்திரிகை ஆபீசில் தரித்திரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பிச்சைக்காரப் படம் என்று விமரிசகர்கள் கேலி செய்யும் அளவுக்குப் போயிற்று. பொய்யான ஜோடனையை ஒழிக்க வந்த நியதி, தானே ஒரு ஜோடனையாக உறைந்துவிட்டது. நடுவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு பொருளைத் தேடுவதை விட்டு நடுவரைத் தேடுவது மனித சுபாவம். போட்டிகளில் தழைத்த எந்தக் கலைக்கும் இந்த ஆபத்து உண்டு. டோமோனும் சில வருஷங்களுக்குள் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, தம் சொந்தக் காரியத்துக்குத் திரும்பினார். சிகுஹோ நிலக்கரிச் சுரங்கங்கள் மூடியதால் பட்டினி கிடந்த தொழிலாளர்களின் குழந்தைகளை எடுத்து, ஏழைக்கும் கிடைக்கவேண்டுமென்று முரட்டுக் காகிதத்தில் அச்சிட்டு, 1960-ல் 100 யென் விலைக்கு வெளியிட்டார்.

இந்தியாவில் 1953-ல் புகைப்படச் சங்கங்களின் சம்மேளனம் ஏற்பட்ட காலத்திலிருந்து, மாதத்துக்கொரு பொருள் கொடுத்துப் படங்களைச் சுவரில் மாட்டி வாதிப்பது இங்குள்ள சங்கங்களுக்கும் பழக்கமாயிற்று. பிலிம் இருந்தவரை அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பக்கபலமாக இன்னொன்றும் இருந்தது: செலவு. ஒரு ரோலில் 12 படம் அல்லது 36 படம். ரோலுக்கு ஒரு விலை, கழுவ ஒரு கூலி, பிரிண்டுக்கு ஒரு கூலி. ஒன்றைத் தட்டுவதற்குமுன் மனிதன் இரண்டு தரம் யோசித்தான். இப்போது அந்தக் கணக்கு இல்லை. ஆகவே வாரப் பொருள் ஒன்றுதான் மிச்சமிருக்கும் கட்டுப்பாடு. 'நிழல்' என்று சொன்னதும் நானூறு நிழல்களை எடுத்துவிட்டு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் விழிக்கிறவர்களைப் பார்த்தால், எடுப்பதைவிடக் கழிப்பதற்குப் பயிற்சி தேவை என்று தோன்றுகிறது. தேர்ந்து ஒன்றே ஒன்றை அனுப்பு என்ற விதியை எந்தக் குழு தளர்த்தினாலும் அந்தக் குழுவில் நான் சேரமாட்டேன்.

ஸ்டீக்லிட்ஸ் என்ன ஆனார் என்று சொல்லாமல் முடிப்பது தகாது. பதக்கங்களால் வளர்ந்த அவரே, பிறகு பதக்கம் கொடுக்கும் சங்கங்களோடு பிணங்கி, 1902-ல் தனிக் கொடி பிடித்தார். நியூயார்க்கில் சித்திரசாலை நடத்தினார். ஐரோப்பியப் புதுச் சித்திரக்காரர்களை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தினார். 1922-ல், அவருக்கு 58 வயதானபோது, ஓர் எழுத்தாளர் அவருடைய படங்களின் சக்தி அவர் எதிரில் உட்காரும் மனிதர்களை வசியம் செய்வதில்தான் இருக்கிறது என்று எழுதினார். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. யாரையும் வசியம் செய்ய முடியாத, எவனும் இலவசமாக அண்ணாந்து பார்த்து எடுக்கக்கூடிய ஒரு பொருளைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்: மேகம். லேக் ஜார்ஜ் ஏரிக்கரையிலிருந்த குடும்ப வீட்டில் தங்கி, அந்த வருஷமும் அதன்பின் ஏறக்குறைய பத்து வருஷமும் அதையே எடுத்தார். இரவல் மேகத்தை ஒட்டவைத்த சங்கத்துக்காரர்கள் காலத்தில் வளர்ந்தவர், தரையோ மரமோ தொடுவானமோ இல்லாமல் மேகம் ஒன்றையே உள்ளங்கையளவு தாளில் அச்சிட்டார். அதற்கு வேண்டிய ரசாயனத்தையும் ஃபோகல்தான் கொடுத்திருந்தார். பூச்சில் சாயம் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் புலப்படும் என்று 1873-ல் கண்டவர் அவர், அந்தத் தகடு இல்லாமல் மேகத்தை வானத்திலிருந்து பிரித்துக் காட்டுவது மிகவும் கடினம். 1923 செப்டம்பரில், இரண்டு கினி பரிசளித்த அதே லண்டன் வாரப் பத்திரிகையில், மேகத்தை எடுக்க வந்த கதையை ஸ்டீக்லிட்ஸ் எழுதினார். எழுத்தாளருடைய சொல் தைத்ததைச் சொல்லிவிட்டு, இன்னொரு காரணமும் சொன்னார்: நாற்பது வருஷமாகப் புகைப்படத்தில் தாம் என்னதான் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்துவிட விரும்பினாராம்.